வெட்டி எடுத்த விருந்தாளி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில், டோர்செட் பார்க் பக்கம் ஓர் அடுக்குமாடியின் எட்டாம் மாடியில் இருந்தோம். மூத்த மகள் பெரியபிள்ளையானாள். சாமத்திய வீட்டை, அந்தப் பூப்பு நீராட்டு விழாவை, எல்லோரும் மெச்சச் செய்யவேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

எதிர்வீட்டில் ஓர் ஆபிரிக்கர் தனியாக இருந்தார். தன் நாட்டு வானொலியில் செய்தி வாசித்தவர். இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் தப்பி வந்து, இங்கே ஒரு பேக்கரியில் வேலை செய்தார். என் பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர். விழாவுக்கு அழைத்தபோது, வருகிறேன், படம் மட்டும் எடுக்கவேண்டாம் என்றார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். பிறகு மறந்தே போனேன்.

அன்று அவர் என் கணவரின் பட்டுவேட்டியைக் கட்டிக்கொண்டு கதிரை அடுக்கினார், பந்தியில் பரிமாறினார், பிள்ளைகளோடு ஆடினார். வீடியோக்காரரின் கமரா அவரை விட்டு நகரவேயில்லை.

கசெற் வந்ததும் அவரைக் கூப்பிட்டுப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். அவர் முகம் செத்துப்போயிற்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இன்னும் அங்கேதானாம். கணவன் எங்கே என்றே தெரியாது என்று சிப்பாய்களிடம் சத்தியம் பண்ணித்தான் அவள் நாளைக் கடத்துகிறாளாம். கசெற்றின் ஒரு கொப்பி ஏற்கெனவே பாரிஸில் கணவரின் தங்கைக்குப் போய்விட்டது. அவ இருந்த கட்டடத்தில் இவர் நாட்டு ஆட்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட முன், இராணுவத்தின் கண்ணில் படக்கூடாதென்று என் அண்ணன் நிற்கும் படங்களையெல்லாம் அடுப்பில் போட்டு எரித்தவள் நான். எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

வீடியோக்காரரிடம் ஓடினேன்.

"தங்கச்சி, உவரை வெட்டினா மிஞ்சிறது குத்துவிளக்கும் பலகாரத் தட்டும்தான்!"

"அது காணும் அண்ணை. வெட்டுங்கோ."

பாரிஸுக்குப் போன் எடுத்து, ஒருவருக்கும் காட்டாமல் கசெற்றைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். காரணம் சொன்னால் கதை பரவிவிடும் என்று அதை மறைத்தேன்.

"ஏன் மச்சாள், நாங்கள் பாத்தா நாவூறு பட்டிடுமோ?" என்று அவ கொதித்தா. கசெற் வந்தது. இரண்டு வருடம் அவ என்னோடு கதைக்கவில்லை.

ஒருவழியாக அவர் குடும்பம் வந்து சேர்ந்தது. அவருடைய மனைவி முதல்நாளே என்னிடம், இவர் தனியாக இருந்த காலத்துப் படம் ஏதும் இருக்கிறதா, பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றாள். ஒன்றுமே இல்லை என்றேன். ஏன் இல்லை என்று அவர் அவளுக்குச் சொன்னார். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும்தான்.

இன்றும் அந்தக் கசெற் அவரை வெட்டிய இடங்களில் துள்ளும். பார்க்கிற சொந்தக்காரர்கள் வீடியோக்காரரைத் திட்டுவார்கள். என் அசட்டைக்கு ஒரு குடும்பம் பலியாகாமல் தப்பிய இடங்கள் அல்லவா அவை.