இல்லாத முதுகு வலி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பொய் அவ்வளவு சுலபமாக வராது. நாற்பத்தெட்டாவது வயதில் என் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு பொய் சொன்னேன், அதுவும் என்னை ஒன்றரை வருஷம் படாதபாடு படுத்திவிட்டது. "முதுகு வலிக்குதுங்க" என்றேன். முதுகு அதுபாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தது. தொல்லை வேறு இடத்தில்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெண்ணுறுப்பில் அரிப்பு, வறட்சி, எரிச்சல். இப்போது இதை எழுத எனக்குக் கை கூசவில்லை. அப்போது கண்ணாடி முன்னால் நின்று தனியாகச் சொல்லிப் பார்க்கக்கூட வெட்கம். மாதவிலக்கு இரண்டு மாதம் வராமல் ஏமாற்றும், அப்புறம் வட்டியும் முதலுமாக வந்து நிற்கும். அந்தச் சமயத்தில்தான் இது ஆரம்பித்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் மைசூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பாடம் நடத்தும்போது நின்றுகொண்டும் நடந்துகொண்டும் எப்படியோ சமாளித்துவிடுவேன். பரீட்சை மேற்பார்வைதான் சோதனை. மூன்று மணி நேரம் மர நாற்காலியில் உட்காருவது என்றால் சும்மாவா? உட்கார்ந்தால் எரியும், நின்றால் அரிக்கும், நடந்தால் கொஞ்சம் மறக்கும். அதனால் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அந்த வருஷம் என் அறையில் ஒரு பிள்ளைகூடக் காப்பி அடிக்கவில்லை. தலைமையாசிரியை ஆசிரியர் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். கைதட்டலைவிட எழுந்து நிற்கச் சொன்னதுதான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதலில் அழுக்கு என்று நினைத்தேன். காலையில் சோப்பு, சாயங்காலம் கிருமிநாசினி கலந்த வெந்நீர், சனிக்கிழமை வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். கழுவக் கழுவ எரிந்தது. எரிய எரிய இன்னும் கழுவினேன். அப்புறம் உடம்புச் சூடு என்று முடிவு கட்டினேன். கத்தரிக்காய், கருவாடு, மாம்பழம் மூன்றையும் வீட்டை விட்டு விரட்டினேன். பார்லித் தண்ணீர், இளநீர், சப்ஜா விதை என்று குடித்தேன். மைசூர்க் குளிரில் தலை நிறைய விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு தும்மியதுதான் மிச்சம். படித்தவளுக்கு இவ்வளவுதானா புத்தி என்று கேட்காதீர்கள். இவ்வளவுதான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. அவர் நெருங்கி வந்தால் எனக்குப் பயமாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல அப்படி ஒரு வலி. மறுநாள் சிறுநீர் கழிக்கும்போதுகூட எரியும். என் வீட்டுக்காரரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரயில்வே பணிமனையில் நாள் முழுக்க இரும்போடு மாரடித்துவிட்டு வந்தும், வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே என்னைச் சீண்டிச் சிரிக்கவைக்கிற மனுஷன் அவர். அவர் தோளில் கை வைத்தால் நான் விலகினேன். ஏன் என்று கேட்டார். முதுகு என்றேன்.

 ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தனக்குத் தனிக் கட்டில் ஒன்றை முன்னறையில் போட்டுக்கொண்டார். "நீ தாராளமா நீட்டிப் படு. முதுகுக்கு நல்லது" என்றார். அதற்கப்புறம் என் பக்கத்தில் உட்காரும்போதுகூட ஒரு சாண் இடம் விட்டு உட்கார்ந்தார். என்னைச் சீண்டுவதும் குறைந்தது. நல்ல மனுஷன் ஒருவர் என் கண்ணெதிரிலேயே என்னை விட்டுத் தள்ளிப்போகிறார், தடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஊரெல்லாம் கேட்கக் கத்துகிற வாய் இது, இந்த ஒன்றுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்த நிலையில்தான் அந்த ஞாயிறு வந்தது. எங்கள் தமிழ்ச் சபையில் வாசலருகே ஒரு பெட்டி இருக்கும். ஜெபம் வேண்டுவோர் சீட்டில் எழுதிப் போடலாம். ஆராதனை நடுவில் போதகர் அதை எடுத்து வாசிப்பார். நான் பாடகர் குழுவில் முன்வரிசையில், சபை முழுக்கப் பார்க்கும்படி நிற்கிறேன். போதகர் கணீரென்று வாசித்தார்: "நீண்ட நாட்களாய் முதுகு வலியால் அவதிப்படும் நம் சகோதரிக்காக, அவர் கணவர் ஜெபிக்கக் கேட்டிருக்கிறார்." என் பெயரையும் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கீழே மூன்றாவது வரிசையில் இவர் தலைகுனிந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் ஆளாளுக்கு வைத்தியம். ஒருவர் வாசலிலேயே குனிந்து நிமிர்ந்து எனக்குப் பயிற்சி செய்து காட்டினார். அவருக்குத்தான் முதுகு பிடித்துக்கொண்டது. பெண்கள் ஐக்கியத்துக்காரர்கள், அதுதான் எங்கள் சபையின் மாதர் சங்கம், வியாழக்கிழமை வீட்டுக்கே வந்து ஜெபிக்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொன்னால் சபையில் யாராவது விடுவார்களா?

வியாழன் நாலரை மணிக்கு ஆறு பேர் வந்தார்கள். வலித் தைலம் இரண்டு, வெந்நீர்ப் பை ஒன்று, இடுப்புப் பட்டை ஒன்று, வீட்டில் சுட்ட கேக். தலைமை தாங்கி வந்தவர் போதகரின் மனைவி. அவரை நாங்கள் ஐயரம்மா என்போம். கூடவே மேட்ரன் அக்கா. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து மேட்ரனாக ஓய்வு பெற்றவர். அவர் பார்வைக்கு எதுவும் தப்பாது.

"எங்க வலிக்குது, காட்டுங்க டீச்சர்" என்றார் மேட்ரன் அக்கா. இடது பக்கம் காட்டினேன்.

"சர்ச்சுல வலது பக்கம்னீங்களே?"

"அது... மாறி மாறி வருதுக்கா."

அவர் என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் ஐயரம்மா என்னைப் பாயில் முழங்காலில் நிற்கச் சொன்னார். ஆறு பேரும் சுற்றி நின்று என் முதுகில் கை வைத்தார்கள். ஜெபம் ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. முழங்காலில் நிற்கும்போது சேலை இறுகி, கர்த்தாவே, அரிப்பு ஆரம்பித்தது. இப்படி நெளிந்தேன், அப்படி நெளிந்தேன். பல்லைக் கடித்தேன். உடம்பே ஆட ஆரம்பித்தது. பரிசுத்த ஆவியானவர் என்மேல் இறங்கிவிட்டார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். "ஸ்தோத்திரம்! இறங்கும் ஆண்டவரே! இன்னும் இறங்கும்!" என்று சத்தம் ஏறியது. நான் இன்னும் நெளிந்தேன். அவர்கள் இன்னும் கூவினார்கள். முதுகில் பன்னிரண்டு கை வேறு அழுத்துகிறது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். "என் முதுகுல ஒண்ணுமே இல்ல!"

"குணமாயிடுச்சா?" என்றார் ஐயரம்மா, கண்ணை விரித்து.

"வலிச்சாத்தானேம்மா குணமாக? கீழ அரிக்குது எனக்கு. ரெண்டு வருஷமாகப் போகுது. வறண்டு போய் எரியுது. அவரைக் கிட்டவே சேர்க்க முடியல. சொல்ல வெட்கப்பட்டு முதுகுன்னு பொய் சொன்னேன். அதை அவர் நம்பி சீட்டு எழுதிப் போட்டுட்டார். போதுமா?"

சொல்லிவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். முகமெல்லாம் சூடு. பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது. இனி சபைக்கு எந்த முகத்தோடு போவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஐயரம்மா மெதுவாக, சேலைத் தலைப்பை வாயருகே பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்கும் இருக்கு."

அவ்வளவுதான். கேக் கொண்டுவந்தவள் களுக்கென்று சிரித்தாள். "அம்மாடி, நான் எனக்கு மட்டும்னு நினைச்சேன். ஞாயிறு ஆராதனைல நான் அடிக்கடி எழுந்து வெளிய போறது எதுக்குன்னு நினைக்கிறீங்க?" இன்னொருத்தி தினமும் மஞ்சள் தண்ணீரில் கழுவுகிறாளாம். உள்ளாடையெல்லாம் மஞ்சள் கறை, மாமியார் காமாலை என்று நினைத்து டாக்டரிடம் இழுத்துப் போனாராம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. நிஜமான வலி அது ஒன்றுதான் அன்றைக்கு.

மேட்ரன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எனக்குச் செம திட்டு. "கிருமிநாசினியா? நீங்க என்ன பாத்ரூம் தரையா டீச்சர்? நம்ம வயசுல ஹார்மோன் குறையுது. அந்த இடத்துத் தோல் மெலிசாகி வறண்டு போகுது. அழுக்கும் இல்ல, சூடும் இல்ல. நீங்க தேய்க்கத் தேய்க்க அது புண்ணாகுது. சோப்பை இன்னைக்கே நிறுத்துங்க, வெறும் தண்ணி போதும். பருத்தி உள்ளாடை போடுங்க. நாளைக்கே லேடி டாக்டர்கிட்ட போங்க. சர்க்கரையோ வேற தொற்றோ இருந்தாலும் அரிக்கும், அதையும் பார்த்துடணும். நீங்களா கடையில எதையும் வாங்கிப் பூசாதீங்க." பிறகு சுற்றிப் பார்த்தார். "இது எல்லாருக்கும்தான். கேட்டுதா?"

எல்லோரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினார்கள். ஆரம்பித்த ஜெபத்தை ஐயரம்மா முடித்தாக வேண்டுமே. கண்ணை மூடினார், கொஞ்சம் யோசித்தார். "ஆண்டவரே, இதை எப்படிச் சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியல. உமக்குத் தெரியும். ஆமென்." இவ்வளவு சின்ன ஜெபம் ஐயரம்மா வாயிலிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

மறுநாள் பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போனேன். கன்னடக்கார அம்மா, என் வயதுதான் இருக்கும். பரிசோதித்துவிட்டு, "இஷ்டு தின யாக்கம்மா பர்லில்ல?" என்றார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்.  தொற்று இல்லை, சர்க்கரையும் இல்லை. மேட்ரன் அக்கா சொன்னதேதான். உள்ளே வைத்துக்கொள்ள ஹார்மோன் க்ரீம் ஒன்று எழுதிக் கொடுத்தார், முதல் இரண்டு வாரம் தினமும், அப்புறம் வாரம் இரண்டு முறை. வறட்சிக்குத் தனியாக ஒன்று, கணவரோடு இருக்கும்போது வழவழப்புக்கு ஒரு ஜெல். மருந்து பிடிக்கச் சில வாரம் ஆகும், பொறுமை வேண்டும் என்றார். பிடித்தது. இரண்டு மாதத்தில் நான் பரீட்சை அறையில் முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அந்த முறை இரண்டு பேர் காப்பி அடித்து மாட்டினார்கள்.

ஆனால் க்ரீம் வாங்கி வந்த அன்றைக்கே ஒன்று எனக்குப் புரிந்தது. இந்த டியூப் என்னைச் சரி செய்யும். ஒரு சாண் தள்ளி உட்காருகிறவரை அது என்ன செய்யும்? நான்தான் சொல்லியாக வேண்டும். அதை நினைத்தால் ஆறு பெண்கள் முன்னால் கத்தியபோது வராத பயம் வந்தது. பொய் சொன்னதற்குக் கோபப்படுவாரோ, அருவருப்பாரோ, இனி எதற்கு இதெல்லாம் என்று கைகழுவி விடுவாரோ என்று என்னென்னவோ நினைத்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் குக்கரஹள்ளி ஏரிக்கரைக்கு நடக்கப் போனோம். என் முதுகுக்காக அவர் ஆமை மாதிரி நடந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. முதல் பெஞ்சிலேயே அவரை உட்காரவைத்து, ஏரியைப் பார்த்துக்கொண்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அரிப்பு, எரிச்சல், நெருங்கினால் வலி, டாக்டர், க்ரீம், ஜெல், பொய். எல்லாம்.

"அப்போ முதுகு ஒரு நாள்கூட வலிக்கலையா?" என்றார்.

"இல்லைங்க."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் சந்தேகம் இருந்தது" என்றார். "இருபது லிட்டர் தண்ணி கேனை நீ ஒரே கையில தூக்கிட்டுப் போறதைப் பார்த்தேன். முதுகு வலிக்கிறவ தூக்குவாளா? அன்னைக்கு நினைச்சேன், இவளுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சு, சொல்ல முடியாம முதுகு மேல பழி போடுறான்னு. அதான் சீட்டு எழுதிப் போட்டேன். ஆண்டவரே, அவளுக்கு நிஜமாவே முதுகு வலியா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டுத்தான் போட்டேன்."

 ஒன்றரை வருஷம் இந்த மனுஷன் முன்னறைக் கட்டிலில் இதை நினைத்துக்கொண்டா படுத்திருந்தார்? அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தால் என்னிடம் கோபம்தான் முந்தும். "உங்களுக்கு அறிவு இருக்கா? உங்களையாவது, எனக்குப் பிடிக்காமப் போறதாவது! வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்று கத்தினேன். ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"நீ சொன்னியா?" என்றார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். நகர்ந்து, இடமே விடாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை திட்டு" என்றார்.

திட்டினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வீடு வந்து சேரும்வரை திட்டினேன்.