அக்கோடியனின் தோள்வார்

இன்று காலை என் பொத்தான் அக்கோடியனை விற்றுவிட்டேன். தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கியது. இப்போது விரல்கள் மடங்க மறுக்கின்றன. நான் வாசித்துவந்த எங்கள் ஊர்க் கூத்துக்காரர் எத்தனை நாள்தான் எனக்காகப் பாட்டை மெதுவாக்குவார்கள்?

வாங்க வந்தவர் எழுவைதீவுக் கூத்துக்காரர். ஊர்காவற்றுறையில் வள்ளம் கட்டும் ஜெற்றியில் நின்றபடியே வாசித்துப் பார்த்தார். நல்ல கை. அதுதான் வருத்தம்.

பெட்டியைக் கொடுக்கும்போது என் கை தானாகவே தோள்வாரைக் கழற்றியது.

"என்ன அண்ணை, வார் இல்லாமல் எப்பிடி வாசிக்கிறது?"

"மாடு வித்தாலும் கயிறு குடுக்கிறேல்லைத்தானே தம்பி. கயிறு வீட்டில நிண்டால்தான் அடுத்த மாடு வரும்."

அவர் சிரிக்கவில்லை. "ஓம் அண்ணை, அது சரிதான்" என்று சொல்லிவிட்டு, வள்ளக்காரரிடம் ஒரு துண்டுக் கயிறு வாங்கி, பெட்டியில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டார்.

வள்ளம் போகப் போக, அவர் வாசித்தது காற்றோடு வந்து வந்து போனது. எது பாட்டு, எது அலை என்று பிரித்தறிய முடியாமல் வெகுநேரம் நின்றேன்.

வாரைக் கொண்டுவந்து மாட்டுக்கொட்டில் ஆணியில் மாட்டினேன். மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அடுத்ததாவது பால் கறக்கிறதாய் வரட்டும்."