பணிய லயத்துக்கு இறங்காத விளக்கு

படி வழுக்குகிறது என்று சொன்னவன் நான். அது பொய் என்று தெரிந்தே சொன்னேன். அந்தப் பொய்யை நம்பிச் சிலர் முதுகு ஒடிய வேலை செய்தார்கள். அதற்குப் பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருக்காமல் இன்னொரு பொய் சொன்னேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம். மார்கழி மாதம் முழுவதும் விடியுமுன் கோயிலிலிருந்து பஜனை புறப்படும். முன்னால் ஒருவர் விளக்கை ஏந்திப் போவார். பின்னால் டோலக்கும் ஜால்ராவும் பாட்டுமாக மற்றவர்கள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒவ்வொரு லயத்திலும் பெண்கள் வாசலில் கோலம் போட்டுக் காத்திருந்து, தங்கள் வீட்டு எண்ணெயைக் கொஞ்சம் அந்த விளக்கில் ஊற்றுவார்கள். எல்லா வீட்டு எண்ணெயும் கலந்து எரிந்தபடிதான் விளக்கு கோயிலுக்குத் திரும்பும்.

எல்லா வீடும் என்று எழுதிவிட்டேன். அதுவும் பொய்தான். பள்ளத்தில், ஆற்றோரமாக ஒரு லயம் இருக்கிறது. பணிய என்றால் கீழே; அதனால் பணிய லயம் என்போம். விளக்கு அங்கே இறங்குவதில்லை. காரணம் சாதி. மற்றவர்களோடு ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறார்கள், ஒரே தராசில் நிறுக்கிறார்கள், கங்காணி திட்டினால் சேர்ந்தே திட்டு வாங்குகிறார்கள். விடியற்காலையில் மட்டும் அவர்கள் வீட்டு எண்ணெய் வேறாகிவிடுகிறது.

நான் அப்போது பாடசாலை அதிபர். கோயில் கமிட்டியின் செயலாளரும் நான்தான். ஒரு கூட்டத்தில் பணிய லயத்து இளைஞர்கள் எழுந்து, "எங்க லயத்துக்கு மட்டும் ஏன் பஜனை வர மாட்டேங்குது?" என்று கேட்டார்கள். கமிட்டித் தலைவர் என்னைப் பார்த்தார். கமிட்டியே என்னைப் பார்த்தது. படித்தவன் பதமாக ஏதாவது சொல்லுவான் என்ற பார்வை. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "கீழ போற படி எல்லாம் மண்ணு. பனியில வழுக்குது. விளக்கோட ஒரு ஆள் விழுந்தா நல்லாவா இருக்கும்?"

கமிட்டிக்கு மூச்சு வந்தது. தலைவர் என் தோளைத் தட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இன்று அந்தப் பெருமையை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த மார்கழிக்குள் பணிய லயத்தார் கூலியில்லாமல் தாங்களே சிரமதானம் செய்து படி கட்டிவிட்டார்கள். ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக ஆற்றிலிருந்து மணல் சுமந்து, சீமெந்து வாங்கி, கொங்கிரீட் போட்டு, பிடித்து இறங்க ஓரத்தில் பழைய பைப்பும் நட்டிருந்தார்கள். பிறகு என் வீட்டுக்கே வந்து கேட்டார்கள்.

"மாஸ்டர், படி கட்டிட்டோம்ங்க. இனி வழுக்காது. இந்த வருசம் வரலாம்ங்களா?"

நான் சொன்ன பதிலை எழுதக் கூசுகிறது. நேரம் போதாது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றேன். மார்கழியில் பாதி நாள் பள்ளிக்கூடமே கிடையாது. அதை அதிபரிடமே யாரும் சொல்லவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள்.

பல வருடம் கழித்து என் மகன் அந்த லயத்துப் பெண்ணை விரும்பிக் கல்யாணம் செய்தான். நான் தடுக்கவில்லை. தடுக்காததையே பெரிய தியாகம் மாதிரி ஊரில் சொல்லிக்கொண்டேன். மருமகள் தலவாக்கலையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். வீட்டில் என் மாத்திரைகளுக்கும் அவள்தான் பொறுப்பு.

மார்கழியில் ஒரு நாள் உபயம் எங்கள் குடும்பத்துடையது. அன்று விளக்கேந்துவதும் பொங்கலும் சுண்டலும் எங்கள் பாடு. போன வருடம் அந்த நாளில் விடியுமுன்னே கோயில் மடப்பள்ளியில் குடும்பமே வேலையில் இருந்தது. மகன் ஈர விறகோடு மல்லுக்கட்டினான். மனைவி கடலையைக் களைந்தாள். பேத்தி அவித்த கடலையைத் தின்பதற்காகவே அடுப்போரம் நின்றாள். மருமகள் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்:

"மாமா, இன்னைக்கு நம்ம உபயந்தானே? எங்கம்மா வீட்டுக்கு விளக்கு போகுமா?"

நான் தொண்டையைச் செருமினேன். மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"வழுக்குதுன்னு மட்டும் சொல்லிராதீங்க," என்றாள் மருமகள். "அந்தப் படிக்கு மணல் சுமந்தவ நான். அப்ப உங்க ஸ்கூல்ல எட்டாம் வகுப்பு. சுமந்து தலையில வந்த காயம் ஆற எத்தனை நாளாச்சு தெரியுமா? எங்கம்மா அந்த வருசம் மாசம் பூரா எண்ணெயக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னுச்சு."

குரலில் கோபம்கூட இல்லை. தேங்காயைத் திருப்பிப் போட்டு மீண்டும் துருவினாள்.

பஜனை புறப்பட்டது. விளக்கு என் கையில். பாதை பிரியும் இடத்தில் நான் கீழே திரும்பினேன்.

"மாஸ்டர், எங்க போறீங்க? வழி இந்தப் பக்கம்," என்றார் தலைவர்.

"இன்னைக்கு உபயம் எங்களது. பணிய லயத்துக்கும் போய்ட்டு வருவோம்."

"உபயம் உங்களதுங்க. விளக்கு கோயிலோடது."

"கோயில் யாரோடது?"

தலைவர் டோலக்குக்காரரைப் பார்த்துக் கண் காட்டினார். பஜனை விளக்கில்லாமலே மேலே போனது. விளக்கு பஜனையில்லாமல் கீழே இறங்கியது. பின்னால் என் குடும்பம் மட்டும். எனக்குப் பாட வராது. மனைவி பாடத் தொடங்கி இரண்டாம் அடியிலேயே இருமினாள். மகன் தொலைபேசியில் பக்திப் பாட்டு போட்டான். முதலில் சோப்பு விளம்பரம்தான் வந்தது.

கீழே கதவுகள் திறந்தன. என்னைக் கண்டதும் ஒரு கிழவர், "பாத்து வாங்க மாஸ்டர், வழுக்கிறப் போகுது!" என்றார். லயமே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினேன்.

சம்பந்தியம்மா ஓடிப்போய் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். அவசரத்தில் பாதி என் வேட்டியில் கொட்டியது. இன்னும் சில பெண்கள் ஊற்றினார்கள். ஒரு வாசலில் மட்டும், அன்று கூட்டத்தில் கேள்வி கேட்டவர்களில் ஒருவர், இப்போது நரை தட்டியவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒங்க குடும்பம் மட்டும் வர்றதுக்கு நாங்க படி கட்டலைங்க. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, ஊத்துறோம்."

கதவைச் சாத்தினார். அவர் சொன்னது நியாயம்.

கோயிலுக்குத் திரும்பினோம். தலைவர் விளக்கை வாங்கினார், எண்ணெயை வாழைமரத்தடியில் கொட்டினார், புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். என் கண் முன்னால், என் சம்பந்தியின் எண்ணெய். பாதிப் பேர் அன்று விரதம் என்று சொல்லிப் பொங்கலை வாங்கவில்லை. இதே ஆட்கள்தான் சம்பளத்துக்கும் காணிக்கும் சம உரிமை கேட்டுப் பதாகை பிடிக்கிறவர்கள். கொழும்பு நம்மை ஒதுக்குகிறது என்று மேடையில் தொண்டை கிழியப் பேசுகிறவர்கள். அந்தப் பேச்சுகளில் சிலதை எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து சொன்னேன். படி வழுக்கியதே இல்லை. நேரமும் போதும். விளக்கு கீழே போகாததற்குக் காரணம் சாதி. அதை மறைக்க வார்த்தை தேடிக் கொடுத்தவன் நான். பணிய லயத்தாரிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். கமிட்டிக்காரர்கள் எழுந்து சத்தம் போட்டார்கள். விளக்கு போகாததற்காக அல்ல, நான் சாதி என்ற சொல்லை உச்சரித்ததற்காக.

"கோயில்ல வச்சு அந்தப் பேச்சு வேணாம் மாஸ்டர்," என்றார் தலைவர். அந்தப் பேச்சுத்தான் கூடாது. அந்தக் காரியம் கூடும்!

எங்கள் உபயம் வேறு குடும்பத்துக்குப் போனது. கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள். இந்த மார்கழியிலும் பஜனை கீழே போகவில்லை. ஆற்றோரம் சிறுத்தை நடமாட்டமாம். என் உதவி இல்லாமலே காரணம் கண்டுபிடிக்கப் பழகிவிட்டார்கள்.

மருமகளிடம், "என்னால முடிஞ்சத செஞ்சேன் தாயி," என்றேன். அவள் மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரை நீட்டினாள்.

"அத்தோட விட்றாதீங்க மாமா. அடுத்த கூட்டத்துக்கும் போங்க. உள்ள விடலேன்னா வாசல்ல நின்னு கேளுங்க. எங்கம்மா நின்னுச்சே."

மாத்திரையை விழுங்கினேன். போகிறேன் என்றேன். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. அவளும் வருகிறாளாம்.