பம்பிலிருந்து மூன்றாவது வீடு

திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். வேங்கிக்காலுக்கு அந்தப் பக்கம், பாதி ஊரும் பாதி மனைப்பிரிவுமாகக் கிடந்த ஓர் ஊராட்சியில் நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். ஊருக்கு நர்சம்மா. எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்பே பதிவேட்டைத் திறந்துவிடுவேன். காய்ச்சல் எத்தனை நாள், கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது, யாருக்காவது இருமல் உண்டா என்று கேட்டுக் கேட்டு எழுதுவேன்.

"இதெல்லாம் எழுதி எங்கம்மா அனுப்புறீங்க?" என்று எப்போதாவது ஒருவர் கேட்பார்.

"மேலதான்" என்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. வெயிலில் நாற்பது வீடு ஏறி இறங்கியவளிடம் வியாக்கியானம் எதிர்பார்க்கக் கூடாது என்பது அன்றைய என் கொள்கை.

சொல்லாத இடத்தை ஊர் தானே நிரப்பிக்கொண்டது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குக் கூப்பிடுவார்கள் என்று பயந்து ஒரு வீட்டில் மூன்றாவது பிள்ளையை அண்ணன் பிள்ளை என்றார்கள். காய்ச்சல் ஜாஸ்தி என்று எழுதினால் தெருவையே காலி பண்ணச் சொல்வார்கள் என்று இன்னொரு வீட்டில் போர்த்திப் படுத்திருந்தவரைத் தூங்குகிறார் என்றார்கள். என் பதிவேட்டில் ஊர் ஆரோக்கியமாகிக்கொண்டே போனது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. மே தினத்துக் கிராம சபையில் மக்களிடம் நேராகப் பேசிவிடுங்கள் என்றார். அவர்கள் சொல்கிற விவரத்தை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்று புரிந்தால் மறைக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

எனக்கும் அது பிடித்திருந்தது. சொல்வதற்கு என்னிடம் ஒரு நல்ல கதையும் இருந்தது. முந்தைய மழைக்காலத்தில் ஒரே தெருவில் வயிற்றுப்போக்கு வரிசையாக வந்தது. பதிவேட்டைப் பார்த்துத்தான் அது பிடிபட்டது. குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் உடைந்து கிடந்ததைக் கண்டுபிடித்து மாற்றினார்கள்.

வாயால் சொன்னால் போதாது என்று படம் வரைந்தேன். பெரிய சார்ட் தாளில் ஊரின் எல்லாத் தெருக்களும். ரேஷன் கடை, கைப்பம்பு, மாரியம்மன் கோயில், மாவு மில், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னக் கட்டம். தேரடித் தெருவில் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் வாங்கிவந்து ஒட்டினேன். பச்சைப் பொட்டு கர்ப்பிணி, மஞ்சள் வயிற்றுப்போக்கு, சிவப்பு காசநோய். பெயர் ஒன்றுகூட எழுதவில்லை. பெயர் எழுதக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகவே யோசித்தேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

சிவப்புப் பொட்டு ஊரிலேயே ஒன்றுதான்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு தங்கும் விடுதியில் சமையல். வெள்ளைக்காரர்களுக்குக் காரம் கம்மியாக, ஆனால் ருசி குறையாமல் குழம்பு வைப்பதில் கெட்டிக்காரி என்று பெயர். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். இருமல் வந்து, சளி பரிசோதித்து, மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் தாண்டியிருந்தது. மறு பரிசோதனையில் கிருமி இல்லை. மற்றவருக்குத் தொற்றும் கட்டம் தாண்டிவிட்டது. ஆனாலும் ஆறு மாதம் முழுசாக மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டும். பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும், அப்போது இந்த மாத்திரை கேட்காது. வாரா வாரம் திங்கட்கிழமை துணை சுகாதார நிலையத்துக்கு வந்து, ஒரு வேளை மாத்திரையை என் எதிரில் விழுங்கிவிட்டு, மிச்சத்தை வாங்கிப்போவாள். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

கிராம சபை ஆரம்பப் பள்ளி வகுப்பறையில் நடந்தது. கரும்பலகையில் படத்தை மாட்டினேன். குழாய்க் கதையைச் சொன்னேன். தலையாட்டினார்கள். எனக்குப் பேச்சு நன்றாக வந்தது. கூட்டம் எழுந்து கிட்டே வந்து படத்தைப் பார்த்தது. அங்கேதான் எனக்குப் புத்தி போதவில்லை. படத்தைக் கண்டால் எந்த மனிதனும் முதலில் தன் வீட்டைத்தான் தேடுவான். அடுத்தது பக்கத்து வீடு.

"இதோ பம்பு. இது எங்க வூடு" என்றார் ஒருவர். "சிவப்பு இன்னாங்க?"

"காசநோய்" என்றேன், பாடம் சொல்லும் குரலில்.

அவர் விரலை நகர்த்தினார். "பம்புல இருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு..."

விரல் நின்றது. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. தெருவிளக்கு மனு கொடுப்பதற்காக அவள் தன் தெருப் பெண்களோடு வந்திருந்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. போனால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தீர்மானம் எல்லாம் வாசித்து முடிக்கும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்து, வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனாள். அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் எப்போது நகர்ந்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

படத்தைக் கழற்றிச் சுருட்டினேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. புதன்கிழமை நானே அவள் வீட்டுக்குப் போனேன். தெருவே வாசலில் நின்று பார்த்தது. அவள் கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"வேலைக்குப் போகலியா?" என்றேன்.

"வேணாம்னுட்டாரு விடுதிக்காரரு. யாரோ போய்ச் சொல்லிட்டாங்க. நல்லாயிட்டு வாம்மான்றாரு."

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. ஒட்டாதுங்க இப்ப. நான் வந்து அவர்கிட்ட பேசறேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னைக் கேக்காம ஊருக்குச் சொன்னீங்க. இப்ப அவருகிட்ட இன்னும் இன்னா இன்னா சொல்லப் போறீங்க?"

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது வெட்கத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. ஊருக்கு நல்லது செய்யப் போனேன், இவளுக்கு இலவசமாக மருந்து கொடுக்கிறேன், என்னையே கேள்வி கேட்கிறாளே என்று. வெட்கம் பஸ் ஏறிய பிறகு வந்தது. வந்தது போகவில்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மூன்று பேர் தாங்களாகவே இருமலுக்குச் சளி பரிசோதிக்க வந்திருந்தார்கள். டாக்டர் அதைச் சொல்லி என்னைத் தேற்றினார். ஆறுதலாகத்தான் இருந்தது. அப்படி இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மறுபடி போனேன். இந்தத் தடவை சீருடை இல்லாமல். "என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க. மாத்திரை மட்டும் நிக்கக் கூடாது" என்றேன். இத்தனை வருடத்தில் ஒரு நோயாளியிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல்முறை.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பஸ் ஸ்டாண்டுல குடுங்க. அங்க யாரு யாரைப் பாக்குறாங்க? என் வூட்டுக்கு மட்டும் வராதீங்க."

விதிப்படி மாத்திரையை நிலையத்தில்தான் கொடுக்க வேண்டும். விதியைப் பார்த்தால் மாத்திரை அங்கேயே இருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில், செங்கம் பஸ் நிற்கும் இடத்தில், இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றோம். தண்ணீர் அவள் கொண்டுவருவாள். விழுங்குவாள். மிச்ச அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவாள். பௌர்ணமி வரும் வாரங்களில் கிரிவலக் கூட்டத்தில் அவளைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபை வந்தது. அதற்கு முந்தின திங்கட்கிழமை அவளிடம் சொன்னேன், "சபையில நான் மன்னிப்புக் கேக்கப்போறேன்."

"ஐயையோ, கேட்டுடாதீங்க" என்றாள். "மறந்துட்டு இருக்கிறவனும் திரும்பி என்னைப் பாப்பான்."

கேட்கவில்லை. படமும் கொண்டுபோகவில்லை. பதிவேட்டை யார் யார் பார்ப்பார்கள், மேலே போவது எண்ணிக்கை மட்டுமா பெயருமா, வேண்டாம் என்றால் எதை எழுதாமல் விடலாம் என்பதை எல்லாம் சொன்னேன். சிலது எனக்கே தெரியாததால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போயிருந்தேன். அன்று யாரும் என்னைப் பாராட்டவில்லை. ஆனால் நிறையக் கேள்வி கேட்டார்கள்.

மாத்திரை முடிந்து, கடைசிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்ததும் அவள் நிலையத்துக்கே வந்தாள். மத்தியானம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. பதிவேட்டில் அவள் வரிசையில் "குணமானார்" என்று எழுதினேன்.

"என்னைப் பத்தி அதுல இன்னா எழுதியிருக்குதுன்னு படிங்க" என்றாள்.

எடையிலிருந்து மறு பரிசோதனை வரை எல்லாவற்றையும் படித்தேன். வயதில் இரண்டு கம்மியாக இருக்கிறது என்றாள். "தொழில், சமையல்" என்று படித்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது இப்ப இல்லீங்களே."

விடுதிக்காரர் வேறு ஆள் வைத்துவிட்டார். அவள் ஒரு மாதமாகச் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், கிடைக்கிற நாட்களில்.

"மாத்துங்க" என்றாள். "ஏன் போச்சுன்னு எழுத அதுல எடம் இருக்குதா?"

பக்கத்தை மேலும் கீழும் பார்த்தேன். அப்படி ஒரு கட்டம் இல்லை. சமையல் என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சித்தாள் என்று எழுதினேன். பதிவேட்டில் எதைத் திருத்தினாலும் அதற்குக் காரணமானவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன்.