மகளின் நாலு கடைவாய்ப் பற்கள்

நான் வாய் ஓயாத ஆள். அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை. கனடாவில், ஸ்காபரோவில் பஸ் ஏறினால், இறங்குவதற்குள் பக்கத்தில் இருப்பவரின் ஊர், தொழில், முழங்கால் வலி எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். இங்கிலிஷை நான் வகுப்பில் இருந்து படிக்கவில்லை. பஸ் சாரதிகளிடமும், தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் நின்ற போலந்துக்காரரிடமும் கதைத்துக் கதைத்துப் பிடித்ததுதான். ஆக்கள் சொல்லும் நல்ல வசனம் ஒன்று காதில் விழுந்தால் அன்று முழுக்க அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு திரிவேன். "இந்த நாட்டில் பனிக்காலம் முடியிறதே இல்லை, இடைக்கிடை லீவு எடுக்கும்" என்று அந்தப் போலந்துக்காரர் ஒருநாள் சொன்னார். அதை நான் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன்.

இப்படிப்பட்ட நான், தொண்ணூறுகளில் ஒரு மாசி மாதக் காலையில், ஒரு அறைக்குள் வாய் திறக்காமல் நின்றேன். மகளின் பல்லுக்காக. ஆனால் மகளின் பல்லைச் சொல்லமுதல் மகனின் பல்லைச் சொல்லவேண்டும்.

மகனுக்கு எட்டு வயதில் கீழ்க் கடைவாய்ப் பல்லொன்று கறுத்தது. முன்பல் விழுந்து முளைத்தால் வீடு முழுக்கத் தெரியும். இது எந்தப் பல்லும் விழாமல், ஆகப் பின்னுக்கு, ஆறு வயதில் சத்தம் போடாமல் முளைத்த பல். எங்களுக்குத் தெரியாது. "பால் பல்லுத்தானே, விழும், பேசாமல் விடும்" என்று மனைவிக்குச் சொன்னவன் நான்தான். ஒருநாள் பிள்ளையின் கன்னம் பணிஸ் மாதிரி வீங்கிவிட்டது. பல் டொக்டர் பார்த்துவிட்டு, மிச்சம் வைக்க ஒன்றும் இல்லை என்று பிடுங்கினார். நான் பெரிய விஷயம் தெரிந்தவன் மாதிரி, "புதுப் பல்லு எப்ப முளைக்கும்?" என்று கேட்டேன். அவர் முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுதான் அந்தப் புதுப் பல்லு."

திரும்பி வரும்போது பஸ்சில் மகன் பஞ்சைக் கடித்தபடி என் சட்டையை இழுத்தான். "அப்பா, திரும்ப முளைக்குமோ?"

"முளைக்கும் ராசா," என்றேன்.

பொய் என்று தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அந்த நேரத்தில் என் வாயில் வேறு ஒன்றும் வரவில்லை. பிறகு மாதக்கணக்காய் அவன் சாப்பாட்டு மேசையில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பான். "இன்னும் வரேல்லை அப்பா." ஒருநாள் தடவுவதை நிற்பாட்டிவிட்டான். ஏன் நிற்பாட்டினான் என்று நான் கேட்கவில்லை. எல்லாரையும் எல்லாவற்றையும் கேட்கிறவன், அதை மட்டும் கேட்கவில்லை.

மூன்று வருஷம் கழிந்து, மகளுக்கு ஏழு வயதாய் இருக்கும்போது, பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நகரசபையிலிருந்து ஆக்கள் வந்து, பிள்ளைகளை வரிசையில் விட்டு, சின்னக் கண்ணாடியும் டோர்ச்சும் வைத்து வாயைப் பார்த்திருக்கிறார்கள். எங்களுடைய வீட்டில் இங்கிலிஷ் கடிதம் வந்தால் மகன்தான் வாசிப்பான். எனக்குக் கதைக்க வருமே தவிர, கடித இங்கிலிஷ் வேறு சாதி. அவன் மேசையில் இருந்து வாசித்தான். தங்கச்சிக்கு நாலு கடைவாய்ப் பற்கள் புதிதாய் முளைத்திருக்கின்றன, அவற்றின் மேலே ஆழமான வெடிப்புகள் இருக்கின்றன, சூத்தை பிடித்துப் பல் கெடமுதல் அந்த வெடிப்புகளுக்குச் சீலன்ற் என்ற ஒரு பூச்சுப் பூசலாம், எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இலவசம், விருப்பமென்றால் கையெழுத்து வைக்கவும்.

மனைவி சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். "நோகாத பல்லில ஏனப்பா கை வைக்கிறது? நொந்தால் காட்டுவம்."

பக்கத்து அப்பார்ட்மென்ற் அன்ரி, கறிவேப்பிலை கேட்டு வந்தவ, கதவடியில் நின்றே தன் பங்கைப் போட்டா. "பல்லுக்கு மேல பிளாஸ்ரிக்கோ? சோத்தோட கழண்டு உள்ள போனால்? வேற ஆக்கள் இல்லையெண்டு எங்கட பிள்ளையளில கை பழகுறாங்கள் போல கிடக்கு."

எனக்கும் இரண்டு மனம். கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் பிறகு யோசிப்போம் என்று கையை நீட்டினேன். மகன் தரவில்லை.

"அப்பா, இது எனக்குப் புடுங்கின பல்லு. அதே பல்லுத்தான் இவளுக்கு இப்ப வந்திருக்கு." அவன் தலையை நிமிர்த்தாமல் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இது திரும்ப முளைக்காத பல்லு. இதிலயே போட்டிருக்கு."

அன்ரி கறிவேப்பிலையோடு போய்விட்டா. மனைவி கையைத் துடைத்தாள். மேசை லாச்சியைத் திறந்து பேனையை எடுத்து எனக்கு முன்னால் வைத்தாள். "கூட்டிக்கொண்டு போறது நீங்கள். அங்க நிண்டு அவையோட கதை அளக்காதேங்கோ. நீங்கள் முடிக்கிறதுக்குள்ள பிள்ளை பல்லு விழுந்து கிழவியாகிடும்" என்றாள்.

அவளுக்குக் காலை வேலை, எனக்குப் பின்னேரச் ஷிப்ற். அதனால் மகளின் காலை நேரங்கள் எல்லாம் என்னுடையவை. சேறும் பனியும் கலந்த தண்ணீருக்குள் இரண்டு பஸ் மாறி, ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்த பல் கிளினிக்குக்குப் போனோம்.

அங்கே பல் சுத்தம் செய்து பூச்சுப் பூசுகிறவ ஒரு கயானாக்காரப் பெண். நடுத்தர வயது, குரலில் ஒரு ஆட்டம் இருக்கும். மகளைச் சாய்கதிரையில் படுக்கவைத்து, எனக்கும் கண்ணாடியால் உள்ளே காட்டினா. நாலு புதுப் பற்கள். மேலே ஆறு ஓடுவது மாதிரி வளைந்து வளைந்து வெடிப்பு. "பிரஷ்ஷின் தும்பைவிட இந்த வெடிப்பு ஒடுக்கம். நீங்கள் எவ்வளவு தீட்டினாலும் உள்ளுக்குப் போகாது" என்றா. கீழே வலப்பக்கத்துப் பல்லின் வெடிப்பில் மெல்லிய மண்ணிறம். மகனுக்குப் பல் போன அதே பக்கம்.

"இது இன்னும் ஓட்டை இல்லை. ஆனால் கனநாள் காத்துக்கொண்டிருக்காது."

"இண்டைக்குச் செய்யேலாமல் போனால்?"

"அடுத்த திகதி கோடைக்குப் பிறகுதான் கிடைக்கும்."

பிறகு அவ சொன்ன விளக்கம்தான் எனக்கு நெஞ்சில் நின்றது. "குளிர் வரமுதல், காற்றுப் புகாமல் ஜன்னலுக்குப் பிளாஸ்ரிக் தாள் ஒட்டுவியள்தானே? ஜன்னல் சட்டம் ஈரமாய் இருந்தால் ஒட்டு நாடா பிடிக்குமா? இதுவும் அப்படித்தான். பல்லு காய்ஞ்சு கிடக்கவேணும். ஒரு சொட்டு எச்சில் பட்டால் நான் திரும்பத் தொடங்கவேணும்."

எனக்குத் தெரியாத ஜன்னலா! ஒவ்வொரு கார்த்திகை மாதமும் மனைவியின் ஹெயார் டிரையரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிளாஸ்ரிக்கோடு மல்லுக்கட்டுகிறவன் நான். ஊசி இல்லை, துளைக்கும் மெஷின் இல்லை என்று கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

முதலில் பல்லைத் துடைத்தா. கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பஞ்சுச் சுருளை வைத்தா. நீல நிறத்தில் ஒரு களியைப் பல்லில் பூசி, கழுவி, காற்று அடித்துக் காயவைத்தா. பல் சோக் கட்டி மாதிரி வெளிறியது. அந்த நேரம் பார்த்து, என் பிள்ளை அந்தப் பெரிய கதிரையில் சின்னதாய்க் கிடக்கிறதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் கேட்டேன்.

"நோகுதோ குஞ்சு?"

"இல்லை அப்பா," என்றாள் மகள், பஞ்சுக்குள்ளால்.

நாக்கு அசைந்தது. எச்சில் பட்டது. அவ புதுப் பஞ்சை எடுத்தா. களி, கழுவல், காற்று. நான் நல்ல பிள்ளையாய் நின்றேன். ஆனால் மகளின் முகம் சுருங்கியதைக் கண்டதும் எனக்கு முன்னால் என் வாய் ஓடிவிட்டது.

"புளிக்குதோ பிள்ளை?"

"ஓமப்பா!"

திரும்பவும் ஈரம். அவ கையுறைக் கைகளை மேலே தூக்கிப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினா. கோபம் இல்லை. "சேர், உங்கள் மகள் மிகவும் நல்ல பிள்ளை. நீங்கள் கேட்கிறீர்கள், அவ பதில் சொல்லுறா. இதில் யாரிலே பிழை என்று நீங்களே சொல்லுங்கள்."

எங்களுடைய வீடுகளில் அன்பு என்றால் கேட்பதுதான். சாப்பிட்டியோ, குளிருதோ, நோகுதோ. கேட்டால் பிள்ளை மறுமொழி சொல்லவேண்டும். தலையாட்டினால், "என்ன, வாயில கொழுக்கட்டையோ? வாயைத் திறந்து சொல்லு" என்று பேசிப் பழக்கியதும் நான்தான். அவள் நான் பழக்கியபடியே நடந்தாள். அதே மண்ணிறப் பல் இரண்டு தரம் நனைந்துவிட்டது.

"வெளியில் இருக்கலாம், அல்லது அவவின் காலைப் பிடித்துக்கொள்ளலாம்," என்றா அவ. "நொந்தால் கால் பெருவிரலை ஆட்டட்டும். நீங்கள் விரலை மட்டும் பாருங்கள், வாயைப் பாராதீர்கள்."

மகளின் கண் என்னைப் போகவேண்டாம் என்றது. நான் கதிரையின் கால்மாட்டில் போய் நின்று அவளுடைய வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். சப்பாத்துக்குள் தண்ணீர் போயிருக்கவேண்டும், காலுறை நுனி ஈரம்.

கேள்விகள் எல்லாம் தொண்டையில் வரிசையாய் வந்து நின்றன. களிக்குள் என்ன இருக்கு? நீல வெளிச்சம் சுடுமோ? கயானாவில் நீங்கள் எந்த ஊர்? ஒன்றையும் விடவில்லை. அவ செம்மஞ்சள் தட்டொன்றைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, பூச்சு இறுக நீல வெளிச்சத்தைப் பல்லில் அடிக்கும்போது மனதுக்குள் இருபது மட்டும் எண்ணினேன். ஒரு பல். திரும்ப இருபது. இரண்டு.

மூன்றாவது பல்லில் பெருவிரல் ஆடியது.

என் வாய் திறந்தே விட்டது. சத்தம் வரமுதல் மூடிக்கொண்டு மகளின் கண்ணைப் பார்த்தேன். கண் சிரித்துக்கொண்டிருந்தது. என் பெருவிரல் அவளுடைய உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டியிருக்கிறது. கையைத் தளர்த்தினேன். பாதம் அடங்கியது. பூச்சுப் பூசுகிறவ திரும்பிப் பார்க்கவே இல்லை. பூச்சுத் திரவத்தை வைத்து, வெளிச்சத்தை அடித்து, நாலாவது பல்லுக்குப் போய்விட்டா.

முடிந்தது. நாலு பல்லிலும் வெடிப்பு இருந்த இடத்தில் மழமழவென்று வெள்ளைப் பூச்சு. நீலத் தாளொன்றைக் கடிக்கக் கொடுத்து, பூச்சு இடறுதோ என்று பார்த்தா, சரி என்று தலையாட்டினா, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டா. நாங்கள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கீழே வந்து பஸ் நிற்கும் இடத்தில் நின்றோம்.

"அப்பா, அந்தப் பல்லு அன்ரிக்கு நீங்கள் தாங்யூ சொல்லேல்லை," என்றாள் மகள்.

பஸ்சால் இறங்கும்போதுகூடச் சாரதிக்கு நன்றி சொல்லாமல் இறங்காதவன் நான். அவ்வளவு பாடுபட்டு வாயை மூடியதில், திறக்கவேண்டிய நேரத்தில் திறக்க மறந்துவிட்டேன். பஸ் வந்துவிட்டது.

அன்று நான் வேலைக்கு வெளிக்கிடமுதல் மகன் பள்ளியால் வந்தான். புத்தகப் பையைக் கழற்றாமலே டோர்ச்சை எடுத்தான். "ஆவெண்டு வாயைத் திற." தங்கச்சியின் வாய்க்குள் நெடுநேரம் பார்த்தான். கீழ் வலப்பக்கத்தில் வெளிச்சத்தை நிறுத்தினான். "இதுதான் என்ர பல்லு" என்று அவளுக்குச் சொன்னான். "கவனமா வைச்சிரு."

அடுத்த வருஷம் பூச்சு இருக்கிறதா என்று பார்க்கக் கூப்பிட்டார்கள். போகும்போது இரண்டு பஸ்சிலும் நன்றியை இங்கிலிஷில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். அதே பெண்தான். என்னைக் கண்டதும், "ஓ, கால் பிடித்த அப்பா!" என்றா. நான் தொடங்க வாயெடுக்க, கண்ணாடி மகளின் வாய்க்குள் இருந்தது. அவ ஒரு விரலை உயர்த்தினா. நான் காலடிக்குப் போனேன்.

ஒரு பல்லில் பூச்சின் ஓரம் கொஞ்சம் உடைந்திருந்தது. அதைத் திருத்திவிட்டு, "நாலும் நல்லாய் இருக்கு. அந்த மண்ணிறம் அப்படியே நின்றுவிட்டது, பெருக்கவில்லை" என்றா.

நான் பழகிக்கொண்டு வந்த நன்றி எங்கேயோ போய்விட்டது. அதற்குப் பதிலாக மகனின் பல் வந்தது. பால் பல் என்று நான் விட்டது, பஸ்சில் அவன் கேட்டது, முளைக்கும் என்று நான் சொன்னது, மாதக்கணக்காய் அவன் தடவிப் பார்த்தது. மனைவிக்குக்கூடச் சொல்லாத அந்தப் பொய்யை, உடைந்த இங்கிலிஷில், ஒரு கயானாக்காரிக்குச் சொன்னேன். கடைசியில், "அதனால்தான் உங்களுக்கு நன்றி" என்றேன்.

அவ கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. "மகனுக்கு இப்ப என்ன வயது?"

"பன்னிரண்டு."

"பிறகு ஏன் அவனைக் கூட்டிவரவில்லை? பன்னிரண்டில் அதற்குப் பின்னால் அடுத்த கடைவாய்ப் பல் முளைக்கும். சின்ன வயதில் அதற்கு முன்னுக்கு இருந்த பல் போயிருந்தால், சில பேருக்கு இது அந்த இடைவெளியை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தும் வரும். நீங்கள் சொன்னது முழுப் பொய் இல்லை, சேர். கூட்டிவாருங்கள், பூசிவிடுவோம்."

வீட்டுக்கு வந்து மகனை டோர்ச்சோடு ஜன்னலடிக்குக் கூப்பிட்டேன். இடைவெளிக்குப் பின்னால், முரசுச் சதையைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாய் ஒரு முனை. "அண்டைக்குப் பஸ்சில நான் உனக்குப் பொய் சொன்னனான்," என்றேன். "எனக்குத் தெரியும் அப்பா," என்றான். இவ்வளவுதான் நாங்கள் அதைப் பற்றிக் கதைத்தது.

பல் நன்றாய் வெளியே வர மாதங்கள் எடுத்தன. பிறகு ஒரு காலையில் அவனும் நானும் போனோம். அவன் என் தோளுக்கு வளர்ந்துவிட்டான். கிளினிக் வாசலில், "நீங்கள் வெளியில இருங்கோ அப்பா, நான் சின்னப் பிள்ளையே?" என்றான். அந்தக் கயானாப் பெண் சிரித்துக்கொண்டு, அறைக்கதவை மூடாமல் விட்டா. நான் வெளிக் கதிரையில் இருந்து எட்டிப் பார்த்தேன். பஞ்சு வைத்தாயிற்று, களி பூசியாயிற்று. காற்று அடிக்கத் தொடங்கும்போது, கதிரைக்கு வெளியே நீண்டுகொண்டிருந்த அந்தப் பெரிய பாதம் இரண்டு தரம் என் பக்கமாய் அசைந்தது.

நான் எழும்பிப் போய்ப் பிடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை.