இல்லாத முடிக்கு ஒரு சனிக்கிழமை

மாஸ்டரைப் போல் முடிவெட்டுகிறவர் இந்தப் பூமியில் இதற்கு முன் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப் போவதும் இல்லை. அவர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் காற்றுக்கே வகிடு விழும். ஒருமுறை மேகம் ஒன்று கடைக்கு மேலே வந்து நின்று, ஓரம் மட்டும் வெட்டிக்கொண்டு, திருப்தியாகக் கலைந்து போனது. பிடரியைச் சரிசெய்துகொள்ள இவர் முகவரியை விசாரித்தபடி காட்டில் சிங்கங்கள் அலைகின்றன. நம்பாதவர்கள் சிங்கத்திடமே கேட்டுக்கொள்ளலாம்.

இப்பேர்ப்பட்டவரிடம் ஒரே ஒரு குறை. ஆளின் முகத்தைப் பார்த்துப் பேச வராது.

பேச்சே வராது என்று நினைத்துவிடக் கூடாது. நாற்காலியில் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, எதிரே சுவரை அடைத்திருக்கும் கண்ணாடியைப் பார்த்தபடி, விலைவாசியிலிருந்து விண்வெளி வரைக்கும் வெளுத்து வாங்குவார். அதே ஆள் எழுந்து நேரே திரும்பினால் போதும், மாஸ்டரின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "ம்" என்பார். மிச்சச் சில்லறையைக் கொடுப்பார். மீசை முளைக்கும் முன்பே கத்தரி பிடித்தவர். பாதி ஆயுளைப் பிறர் பிடரியோடும் மீதியைக் கண்ணாடியோடும் கழித்தவருக்கு வேறெப்படி இருக்கும்?

கடைக்கு மேல் மாடியில் அவருடைய அக்கா குடும்பம். அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அவர் குரலுக்கு முன்னால் வேனின் ஹாரன் வெட்கப்படும். "என் தம்பிக்கு ஒரு விஷயம் உறைக்கணும்னா எவர்சில்வர் தட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் பேசணும்" என்பார். அக்காவுக்கு ஒரே மகள். தெருவில் அவளை வாலு என்று கூப்பிடுகிறார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அடக்க ஒடுக்கமான பெண். கணக்கில் மட்டும் மதிப்பெண் கொஞ்சம் வெட்கப்பட்டு உள்ளேயே நின்றுவிடும்.

மாஸ்டருக்கு இளமையில் ஒரு காதல் இருந்தது. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற மெக்கானிக் ஒருவர். காதல் என்றால் காதல்தான். சிநேகிதர்கள் என்று சொல்லி மழுப்புகிற கதை இதுவல்ல. சினிமாவுக்குப் போனால் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஸ்கூட்டரில் போனால் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். கடையில் கண்ணாடி. இப்படி நேருக்கு நேர் நிற்காமலே அவர்கள் இரண்டு மூன்று வருடம் சந்தோஷமாக இருந்தார்கள். அப்போது மெக்கானிக்கின் தலையில் காடு. மாஸ்டர் அதை ஆசை ஆசையாக வெட்டுவார்.

பிறகு மெக்கானிக்குக்குக் கடல் தாண்டி ஒரு குளிர்பதனக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கடைசி நாள் முடிவெட்ட வந்தவர், போர்த்திய துணிக்குள் கையைப் பிசைந்துகொண்டு, கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்.

"நீயும் என்கூட வந்துடேன்."

மாஸ்டர் வர்றேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பழக்கதோஷம், வேறொன்று வந்து விழுந்தது.

"பக்கவாட்டுல இன்னும் கொஞ்சம் எடுக்கவா?"

மெக்கானிக் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். "எடு" என்றார். எடுத்தார். போய்விட்டார். உலகத்தில் எத்தனையோ காதல்கள் சாதியால், பணத்தால், குடும்பத்தால் முறிந்திருக்கின்றன. பக்கவாட்டில் முறிந்தது இது ஒன்றுதான்.

போன வருடம் மெக்கானிக் திரும்பி வந்தார். வேலையை விட்டுவிட்டு வந்து, இரண்டு தெரு தள்ளி ஒரு ரூம் எடுத்தார். ஆள் அதே ஆள். தலை மட்டும் உரித்த முட்டை. காதோரத்தில் பேருக்குச் சில இழைகள், அவ்வளவுதான். அந்தத் தலையோடு ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்து, "முடி வெட்டணும்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெட்டிடலாம்" என்றார் மாஸ்டர், கண்ணாடியிடம். துணி போர்த்தி, தண்ணீர் தெளித்து, இல்லாத முடியை முக்கால் மணி நேரம் வெட்டினார். அதிலிருந்து சனிக்கிழமை தவறினாலும் மெக்கானிக் தவறியதில்லை. வெட்டி முடிந்ததும் மாடிக்குப் போய் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்ப்பார். அது டிராக்டர் மாதிரி உறுமும். "அடுத்த வாரம் இன்னொரு தடவை பாத்துடறேன்" என்று எதையோ திருகிவிட்டுப் போவார்.

"இல்லாத முடிக்கு ஒருத்தன், ரிப்பேராகாத ஃப்ரிட்ஜுக்கு ஒருத்தன்" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வார். "ரெண்டு கழுதையும் பேசித் தொலையுதா பாரு!"

இப்படியே ஒரு வருடம் ஓடியது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, அக்கா தேநீர் கொண்டு வந்த நேரத்தில், மெக்கானிக் கண்ணாடியிடம் சொன்னார்: "ரூம காலி பண்ணச் சொல்றாங்க. பழைய கம்பெனியும் திரும்பக் கூப்பிடுது. போகவா வேணாமான்னு தெரியல."

அக்கா டம்ளரோடு அப்படியே நின்றார். மாஸ்டரின் வாய் திறந்தது.

"பின்னாடி லைன் போடவா?"

அக்கா டம்ளரை அலமாரியில் டங்கென்று வைத்துவிட்டு மேலே போய், ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, அதற்குள் தலையை விட்டுக் கத்திவிட்டு வந்தார். இந்தத் தடவை மெக்கானிக் போனால் போனதுதான் என்று அவருக்குத் தெரியும். மாஸ்டருக்கும் தெரியும். அந்த வாரம் முழுவதும் மாஸ்டர் வாடிக்கையாளர்களிடம் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை மாஸ்டர் கடையைத் திறந்தால் கண்ணாடியைக் காணோம். இருந்தது, ஆனால் விளிம்பிலிருந்து விளிம்பு வரை செய்தித்தாள் ஒட்டியிருந்தது. கண்ணாடிச் சட்டத்தில் பழுப்புப் பெயின்ட் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏய் வாலு! என்னடி இது?"

"சட்டம் பழசா இருந்துச்சு மாமா, பெயின்ட் அடிச்சேன். கண்ணாடில படக் கூடாதுன்னு பேப்பர் ஒட்டினேன். காயுற வரைக்கும் எடுக்காதீங்க, உரிஞ்சுடும்."

"எப்பக் காயும்?"

"சாயங்காலம் ஆயிடும். பாவம், உங்களுக்குத்தான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு வாலு ஸ்பெஷல் கிளாஸுக்குப் போய்விட்டாள். இது மிகவும் முக்கியம். அன்று முழுக்க அவள் கடைப் பக்கமே இல்லை.

காலையில் வந்த தபால்காரர் நாற்காலியில் நெளிந்தார். "நான் எப்படி இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும் மாஸ்டர்?"

"என்னை நம்புங்க."

"அதான் பயமா இருக்கு."

பதினொரு மணிவாக்கில் மெக்கானிக் வந்தார். உட்கார்ந்தார். வழக்கமாக மாஸ்டரின் முகம் தெரிகிற இடத்தில் ஒரு குக்கர் விளம்பரம் தெரிந்தது. துணி போர்த்தினார் மாஸ்டர். சீப்பு வெட்டவெளியில் கொஞ்ச தூரம் நடந்து, வழி தெரியாமல் நின்றது. பேச்சு கிடைக்காமல் மாஸ்டர் எதிரே இருந்ததைப் படிக்க ஆரம்பித்தார்.

"மூணு லிட்டர் குக்கர் வாங்கினா கரண்டி இலவசம்."

"பேப்பர் படிச்சுக் காட்டுறதுக்குத் தனி சார்ஜா?"

"இல்ல."

"அப்பச் சரி." மெக்கானிக் குக்கரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "திங்கக்கிழமை கம்பெனிக்குப் பதில் சொல்லணும். என்னடா சொல்லட்டும்?"

மாஸ்டரின் கண் கண்ணாடியைத் தேடியது, கரண்டி இலவசம். கைகள் தாமாகவே காதோரத்துக்குப் போயின. வாயும் தானாகவே திறந்தது.

"பக்கவாட்டுல இன்னும் கொஞ்சம்..."

அங்கேயே நின்றுவிட்டார். விரல்களுக்குக் கீழே வழுவழுவென்று தோல். பக்கவாட்டு என்று ஒன்று இருந்தால்தானே எடுக்க? அத்தனை வருடம் ஒளிந்துகொள்ள உதவிய காடு, ஒரு புதர் மிச்சமில்லாமல் காணாமல் போயிருந்தது.

நாற்காலி கிரீச்சென்றது. மெக்கானிக் காலை உந்தி, நாற்காலியோடு திரும்பினார். நேருக்கு நேர்.

"எடுக்க என்ன இருக்குடா அங்க? சொல்லு."

மாஸ்டர் பார்த்தார். மெக்கானிக்கின் புருவத்தில் சின்னதாக ஒரு தழும்பு உண்டு. கண்ணாடியில் எப்போதும் இடப்பக்கம் இருக்கும். இப்போது வலப்பக்கம் இருந்தது. தெரிந்த முகம்தான், ஆனால் இப்போதுதான் ஊரிலிருந்து வந்து இறங்கியது போல் இருந்தது.

"போகாதே" என்றார் மாஸ்டர், தன் செருப்பைப் பார்த்து.

"யாருக்குச் சொல்றே? செருப்புக்கா?"

மாஸ்டர் நிமிர்ந்தார். அதுவே மலையைத் தூக்கியது போல. "போகாதேடா. அன்னிக்கும் வர்றேன்னுதான் சொல்ல வந்தேன். வாய்ல வேற வந்துடுச்சு."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா போனே?"

"இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். வீம்பு. ரெண்டாவது தடவை எதுக்குக் கெஞ்சணும்னு போயிட்டேன். விமானத்துல உக்காந்ததும் தலையைத் தடவிப் பாத்தேன். பக்கவாட்டுல அவ்வளவு அழகா எடுத்திருந்தே. அழுகை வந்துடுச்சு."

"மாடில முன்ரூம் சும்மாதான் கிடக்கு" என்றார் மாஸ்டர். "காத்து வரும். அக்காதான் சத்தம் போடும், மத்தபடி நல்ல வீடு. நீ அங்க வந்து... நாம ரெண்டு பேரும்..." அதற்கு மேல் வரவில்லை. வேண்டியும் இருக்கவில்லை. மெக்கானிக் துணிக்குள்ளிருந்து கையை எடுத்து, சீப்போடு சேர்த்து மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடையின் பின்பக்கத் திரைக்கு அப்பால் யாரோ மூக்கை உறிஞ்சுவது போல் ஒரு சத்தம் கேட்டது. அங்கே இருக்கிற தண்ணீர்க் குழாய் அவ்வப்போது அப்படிச் சத்தம் போடும். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அந்த வாரமே மெக்கானிக் இரண்டு பெட்டியும் ஒரு டூல் பாக்ஸுமாக மாடிக்கு வந்துவிட்டார். ஃப்ரிட்ஜ் அன்றைக்கே உறுமலை நிறுத்திவிட்டது. "இத்தனை நாளும் என்னதான்டா பண்ணினே அதுக்குள்ள?" என்று அக்கா கேட்டதற்கு, "சரி பண்ணிட்டு, கடைசில ஒரு ஸ்க்ரூவை லூஸ் பண்ணுவேன் அக்கா" என்றார். அக்கா கரண்டியை ஓங்கினார். ஓங்கிய கரண்டியாலேயே அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். சாப்பாட்டு மேசையில் இருவரையும் எதிரெதிரே உட்கார வைப்பதும் அவர்தான். மாஸ்டர் இப்போது ஒரு வாக்கியம் முழுவதையும் நேராகப் பார்த்துச் சொல்லிவிடுகிறார். இரண்டு வாக்கியமானால் காது சிவக்கிறது.

பேப்பரைக் கிழித்தாகிவிட்டது. ஒரு மூலையில் மட்டும் பசை விடாமல் பிடித்துக்கொண்டதால், குக்கரின் கைப்பிடி இன்னும் கண்ணாடியில் இருக்கிறது. அதைச் சுரண்ட வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை இல்லாத முடியை வெட்டுவதும் நிற்கவில்லை. இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது.

இதெல்லாவற்றையும் எழுதி முடித்து, சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று மாஸ்டரிடமே கொடுத்தாயிற்று. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு, மேகம் வந்த இடத்தில் சிரித்து, பக்கவாட்டில் முறிந்த இடத்தில் செருமி, கடைசி வரைக்கும் படித்தார். பிறகு நாற்காலியைக் கிரீச்சென்று திருப்பி, நேருக்கு நேர் பார்த்தார். காது சிவக்கவே இல்லை.

"எல்லாம் சரிதான் வாலு. சிங்கத்தைக்கூட விட்டுடறேன். நீதான் கிளாஸுக்குப் போயிட்டியே, நாங்க பேசினது வார்த்தைக்கு வார்த்தை உனக்கு எப்படித் தெரியும்?"

"அது வந்து மாமா..."

"அதுவும் போகட்டும். திரைக்குப் பின்னாடி ஏதுடி குழாய்?"