மச்சாளுக்குக் கிரகித்தல் படிப்பித்தது

கிரகித்தலைப் போல இலேசான பாடம் உலகத்திலேயே கிடையாது என்பது பத்து வயதில் என்னுடைய கட்சி. கணக்கென்றால் மண்டையைப் போட்டு உடைக்க வேண்டும். சமய பாடமென்றால் தேவாரத்தைப் பாடமாக்க வேண்டும். கிரகித்தலுக்கு ஒன்றுமே வேண்டாம். ஒரு பந்தியைத் தருவார்கள், அதற்குக் கீழே ஐந்து கேள்விகளைத் தருவார்கள், ஐந்துக்கும் விடை மேலே பந்தியிலேயே கிடக்கும். விடையைக் கையில் தந்துவிட்டுக் கேள்வி கேட்கிற பாடம் வேறெங்கே இருக்கிறது? இதில் ஒரு பிள்ளை பிழை விடும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். மச்சாள் வந்து சேரும்வரைக்கும் நம்பவில்லை.

மச்சாள் என்றால் என் அப்பாவின் தங்கையின் மகள். என்னைவிட நாலு மாதம் இளையவள். அவர்களுடைய வீடு காங்கேசன்துறையில். மாமாவுக்கு அங்கே சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை. தொண்ணூறாம் ஆண்டில் சண்டை திரும்பவும் தொடங்கியபோது அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டது. மாமாவும் மாமியும் மச்சாளும் ஒரு சைக்கிளோடும் இரண்டு பைகளோடும், கொடிகாமத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு கிழமையில் திரும்பிப் போய்விடலாம் என்று மாமா சொன்னார். பிறகு இன்னொரு கிழமை என்றார். நாலைந்து நாளுக்கொருக்கால், "வீட்டை ஒருக்கால் பாத்திட்டு வாறன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு விடிய வெளிக்கிடுவார். ஒரு இடத்துக்கு அப்பால் ஒருவரையும் விடுவதில்லை. பின்னேரம் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவார், அம்மா தேத்தண்ணி கொடுப்பா, ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் மாமி மச்சாளைக் கூட்டிக்கொண்டு போனா. பெரிய ரீச்சர் பழைய பள்ளிக்கூடத்தின் விடுகைப் பத்திரம் கேட்டா. விடுகைப் பத்திரமென்ன, வீட்டுக் கதவைப் பூட்டினார்களோ இல்லையோ என்பதே மாமிக்கு நிச்சயமில்லை. பெரிய ரீச்சர் பொல்லாதவ இல்லை. இரண்டு கிழமை கழித்துப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, சின்னதாக ஒரு சோதனை வைத்துப் பார்க்கிறேன், சரியென்றால் ஐந்தாம் வகுப்பில் இருத்துவேன், இல்லாவிட்டால் நாலாம் வகுப்பில்தான் என்று சொல்லி அனுப்பினா.

அன்று மத்தியானம் மாமி குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதா. வெளிக்கிட்டு வந்த அன்றைக்குக்கூட அழாத மனுஷி.

"எல்லாத்தையும் விட்டிட்டு வந்தம் அண்ணை. பிள்ளையின்ரை ஒரு வருசத்தையும் விடச் சொல்லுறியளோ?"

அப்பாவுக்கு அழுகிற ஆட்களைக் கண்டால் என்ன செய்வதென்று தெரியாது. அங்குமிங்கும் பார்த்தார். நான் அகப்பட்டேன்.

"பிள்ளை, நீதானே வகுப்பிலை முதலாம் பிள்ளை. மச்சாளுக்குச் சொல்லிக்குடு."

மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடச் சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. அன்றைக்கே பக்கத்து வீட்டில் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை இரவல் வாங்கி, விறாந்தையில் பாயை விரித்து, அப்பா கோடு போடுகிற அடிமட்டத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு ரீச்சராகிவிட்டேன்.

முதல் பந்தி இன்றைக்கும் நினைவிருக்கிறது. கமலா என்றொரு சிறுமி. அவளுடைய வீட்டு முற்றத்தில் ஒரு மாமரம் நிற்கிறது. மரத்தில் அணில் ஓடுகிறது. பள்ளிக்கூடத்தால் வந்து கமலா அதன் கீழே இருந்து படிக்கிறாள். அவள் தந்தை ஆறு மணிக்கு வேலையால் வருவார். அவ்வளவுதான். மச்சாள் வாசித்தாள். வாசிப்பில் குறையே சொல்ல முடியாது. தட்டுத்தடங்கல் இல்லாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, றேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி வாசித்தாள். எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. சரி, இரண்டு கிழமை எதற்கு, இரண்டு நாள் போதும் என்று நினைத்துக்கொண்டு முதல் கேள்வியைக் காட்டினேன். கமலாவின் வீட்டு முற்றத்தில் நின்ற மரம் யாது?

மச்சாள் 'வேப்பமரம்' என்று எழுதினாள்.

அவசரத்தில் எழுதிவிட்டாளாக்கும் என்று அழித்துவிட்டு, திரும்ப வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். மாமரம் என்று தன் வாயாலேயே வாசித்தாள். வாசித்துவிட்டுத் திரும்பவும் வேப்பமரம் என்று எழுதினாள்.

"எங்கை வேப்பமரம் கிடக்கு? காட்டு பாப்பம்."

"எங்கடை முத்தத்திலை."

"கேட்டது கமலாவின்ரை முத்தம். நீயோ கமலா?"

"இல்லை."

"பேந்தென்ன?"

அவளிடம் காரணம் இருந்தது. மாமரத்துக்குக் கீழே இருந்தால் முசுறு கடிக்கும், கமலா அங்கே இருந்து படித்திருக்கவே மாட்டாள், வேம்பென்றால் நல்ல குளிர்ச்சி என்றாள். பந்தியை எழுதினவருக்கு முசுறைப் பற்றித் தெரியாதென்றால் அது அவருடைய பாடு. விடை எழுதுகிறவளுக்கு அந்தக் கவலை எதற்கு?

தந்தை எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்ற கேள்விக்கு 'சங்கு ஊதினவுடன்' என்று எழுதினாள். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் இன்ன நேரத்துக்குள் அப்பாவின் சைக்கிள் மணி படலையடியில் கேட்கும், அதற்குள் அம்மா தேத்தண்ணியை ஊற்றி ஆற வைத்துவிடுவா என்று விளக்கம் வேறு. ஐயோ கடவுளே, கமலாவின் தகப்பனுக்கு ஆர் சங்கு ஊதினது என்று நான் கத்தினேன். நான் அழித்தேன்.

இந்த அழிக்கிற வேலைதான் என்னை நிலைகுலைத்தது. அப்போது கொப்பி, பென்சில் எல்லாமே அருந்தல். கடையில் கேட்டால் கையை விரிப்பார்கள். என்னிடம் ஒரே ஒரு அழிறப்பர்தான் இருந்தது. அரைவாசி தேய்ந்தது. அதை நான் ஒரு பழைய பவுடர் ரின்னுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தேன். மச்சாள் ஒவ்வொரு வேப்பமரமாக நட்டுவைக்க வைக்க என் அழிறப்பர் ஒவ்வொரு பக்கத்தால் தேய்ந்தது. முதல் கிழமை முடியும்போது அது ஒரு பயறளவுக்கு வந்துவிட்டது. அதற்காக நான் அழுதேன், உண்மையாகவே அழுதேன். மச்சாள் வந்து பக்கத்தில் இருந்துகொண்டு, தன்னுடைய மேசை லாச்சிக்குள் பூ வாசத்தோடு புதிதாக இரண்டு கிடக்கிறது, போனவுடன் ஒன்று தருகிறேன் என்று சொன்னாள்.

"எப்ப போவாய்?"

"அப்பா சொல்லேக்கை."

பிறகுதான் நான் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். எந்த விடையையும் எழுத முதல், பந்தியில் அது எங்கே கிடக்கிறதோ அந்தச் சொல்லில் விரலை வைக்க வேண்டும். விரல் வைக்க முடியாவிட்டால் அது விடை இல்லை, எழுதக் கூடாது. உன்னுடைய வீட்டிலே என்ன நின்றது, என்ன கிடந்தது, ஆர் வந்தது, ஆர் போனது ஒன்றும் எனக்குத் தேவையில்லை. இதைச் சொல்லும்போது நான் பெரிய ரீச்சர் மாதிரியே விரலை ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் பலன் கிடைத்தது. ஆறு, குளம், நரி, முயல் வருகிற பந்திகளில் அவள் பிழையே விடவில்லை. வீடு வந்தால்தான் சனியன் பிடித்தது. அந்தப் புத்தகத்தை எழுதினவரோ வீட்டைத் தவிர வேறொன்றையும் காணாதவர் போல, இரண்டு பந்திக்கு ஒரு பந்தி வீடு, முற்றம், கிணறு, கொட்டில் என்று எழுதித் தள்ளியிருந்தார். ஒரு நாள் பசுவைப் பற்றி ஒரு பந்தி வந்தது. வேலன் என்பவர் பின்னேரம் பசுவைக் கொண்டுவந்து கொட்டிலில் கட்டினார். பசு எங்கே கட்டப்பட்டது? மச்சாள் கொட்டில் என்ற சொல்லில் சரியாக விரலை வைத்தாள். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அவள் விரலை எடுத்துவிட்டு 'கட்டவில்லை' என்று எழுதினாள்.

"என்னடி இது?"

"வெளிக்கிடேக்கை அப்பா அவிட்டு விட்டவர். கட்டி வைச்சால் தண்ணி இல்லாமல் செத்துப் போகுமெண்டு."

"விசரி! அது வேலன்ரை மாடு!"

அடிமட்டத்தால் அடித்துவிட்டேன். மரத்தால் செய்த அடிமட்டம், விரல் மொழியில் விழுந்தது. அவள் கையை இழுத்து மற்றக் கைக்குள் வைத்துக்கொண்டாள், அழவில்லை. மாமி விறாந்தையின் அந்தப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. எல்லாவற்றையும் பார்த்தா. மாமியின் வாய் எங்கள் சொந்தத்துக்குள் பேர்போன வாய். காங்கேசன்துறை வீட்டில் யாராவது அவவின் பிள்ளையில் கை வைத்திருந்தால் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துக் கேட்டிருப்பா. அன்றைக்கோ தலையைக் குனிந்து அடுத்த வெங்காயத்தை எடுத்தா. அடிக்கலாம் என்று மாமியே சம்மதித்துவிட்டா என்று நான் எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என்றாலும் அடுத்த நாளிலிருந்து அவள் பிழை விடவில்லை. மாமரத்துக்கு மாமரம், ஆறு மணிக்கு ஆறு மணி, கொட்டிலுக்குக் கொட்டில். ஒரு சொல் கூட, ஒரு சொல் குறைய இல்லை. நான் வேண்டுமென்றே வீடு வருகிற பந்திகளாகத் தேடித்தேடிக் கொடுத்தேன். விரலை வைத்தாள், எழுதினாள், கொப்பியை என் பக்கம் தள்ளினாள். பாயில் மட்டுமில்லை, குளிக்கும்போதும் சாப்பிடும்போதும்கூட அவள் தன் வீட்டுக் கதையை எடுப்பதை விட்டுவிட்டாள். அந்தக் கதைகளைக் கேட்டுக்கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தபடியால் இதுவும் ஒரு நன்மை என்றே நினைத்தேன். மாமாவும் சைக்கிளில் போய்ப் பார்ப்பதை நிற்பாட்டிவிட்டு, அப்பாவோடு தோட்டத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார். வீட்டில் எல்லாரும் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது.

சோதனைக்குப் போகிற அன்று மாமி அம்மாவின் சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு வந்தா. பெரிய ரீச்சரின் அறையில் மச்சாளை மேசைக்கு முன்னால் இருத்தினார்கள். மாமி கதிரை நுனியில் இருந்தா. எனக்கு உள்ளே இடமில்லை. இடைவேளை மணி அடித்ததும் ஓடி வந்து யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மச்சாள் தோற்றால் அது என்னுடைய தோல்வி அல்லவா?

சிவா என்ற பையனின் குடும்பத்தைப் பற்றிய பந்தி. மச்சாள் சத்தமாக வாசித்தபோது பெரிய ரீச்சரின் புருவம் உயர்ந்தது. நான் மாமியைப் பார்த்துச் சிரித்தேன். ஐந்து கேள்விகள். ஐந்துக்கும் விரலை வைத்தாள், ஐந்தையும் எழுதினாள். யன்னலுக்கு வெளியே இருந்தே ஐந்தும் சரியென்று எனக்குத் தெரிந்தது. ஆறாவதாக ஒன்று இருந்தது. அதை நாங்கள் பயிற்சியில் எடுத்ததே இல்லை. எடுக்கத் தேவையே இல்லாத கேள்வி. 'உமது வீட்டைப் பற்றி ஐந்து வசனங்கள் எழுதுக.'

எனக்கு வாய் கொள்ளாத சந்தோசம். ஐந்து என்ன, அவளை விட்டால் ஐம்பது எழுதுவாள்.

மச்சாள் பந்தியின் முதல் வரியில் விரலை வைத்தாள். மெதுவாகக் கடைசி வரி வரைக்கும் இழுத்தாள். திரும்ப மேலே போனாள், திரும்ப இழுத்தாள். மூன்றாம் தரமும் இழுத்துப் பார்த்துவிட்டுப் பென்சிலை மேசையில் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"முடிஞ்சுதோ பிள்ளை?" பெரிய ரீச்சர் கேட்டா.

"ஓம் ரீச்சர்."

"கடைசிக் கேள்வி எழுதேல்லையே?"

"அதுக்கு விடை பந்தியிலை இல்லை ரீச்சர்."

எனக்குப் பொறுக்க முடியவில்லை. "ரீச்சர், அவளுக்கு வடிவாத் தெரியும்! எழுதடி! எனக்குச் சொன்னதெல்லாத்தையும் எழுதடி!" என்று கம்பிக்குள்ளால் கத்தினேன். பெரிய ரீச்சர் என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தினா. நான் வாயை மூடினேன். அவ அந்த வெறும் இடத்தையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு மாமியைப் பார்த்தா. மாமி சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தா.

"திங்கட்கிழமை ஐஞ்சாம் வகுப்பிலை வந்து இருக்கட்டும்." அதைச் சொல்லும்போது பெரிய ரீச்சரின் குரல் பெரிய ரீச்சரின் குரல் மாதிரியே இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பி நடந்தோம். மாமி முன்னால் போனா. இரண்டு மூன்று தரம் கண்ணைத் துடைத்தா. மகள் பாஸ் பண்ணிய சந்தோசம் என்று நான் விட்டுவிட்டேன். எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஐந்து புள்ளி, சும்மா கிடந்த ஐந்து புள்ளி! உன்ரை வீட்டைப் பற்றித்தானே கேட்டது, மொக்கு, அதற்கும் பந்தியில் தேடுவாயோ என்று வழி நெடுகத் தொணதொணத்தேன். அவள் வேலியோரமாக நடந்துகொண்டே இருந்தாள். எங்கள் படலை கிட்ட வரும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நீதானே சொன்னனீ, எங்கடை வீடு தேவையில்லை எண்டு."

அதற்குப் பிறகு அவளோடு கதைத்துப் பிரயோசனமில்லை என்று தீர்மானித்து, நான் நேரே குசினிக்குப் போனேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. மச்சாள் பாஸ் பண்ணிவிட்டாள்தான், ஆனால் அவளுக்கு இன்னும் கிரகித்தல் சரியாக வரவில்லை என்று சொன்னேன். இன்னும் இரண்டு கிழமை என்னிடம் விட்டால் திருத்திவிடுவேன் என்றும் சொன்னேன்.